மூன்று செக்கனில் திறக்கும் பக்கம்

மெதுவாக நடக்கும் எதையும் எனக்குப் பிடிக்காது. தபால் கந்தோரில் எனக்கு முன்னால் நிற்பவர் தன் முறை வந்த பிறகுதான் பையைத் திறந்து அடையாள அட்டையைத் தேடுவார் என்றால் எனக்குக் காது சூடாகிவிடும். பால் போடாத பிளேன்டீயை ஊதி ஊதி அரை மணித்தியாலம் குடிப்பவர்களோடு நான் கடைக்கே போவதில்லை. நான் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். "வயித்துக்குள்ளயே இவனுக்குப் பொறுமை இல்ல" என்று உம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடம் சொல்லுவா. குணத்துக்கு ஏற்ற தொழில்தான் வாய்த்தது. புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, இரண்டு கொம்பியூட்டர், சத்தம் போடும் ஒரு மின்விசிறி. இணையத்தளம் செய்து கொடுப்பேன். மற்றவர்கள் செய்து கெடுத்ததைத் திருத்தியும் கொடுப்பேன். இனாஸிடம் கொடுத்தால் பக்கம் பறக்கும் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெரிய தலைக்கனம். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

போர் முடிந்து எட்டாவது வருடம், ஒக்டோபர் கடைசியில் கில்பட் அண்ணன் என் கடைக்கு வந்தார். மாம்புரிப் பக்கம் ஒரு சிறிய மீனவர் சங்கத்தின் செயலாளர். கூடவே ஒரு மனிதரையும் கூட்டி வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கறுத்துப் பருத்த ஆள். கதிரையைக் காட்டினேன். அதில் தூசி இருக்கிறதா என்று பார்த்து, கையால் தட்டி, பிறகு மெல்ல உட்கார்ந்தார். அந்த நேரத்தில் நான் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதி முடித்திருப்பேன்.

"இவர் பஸ்தியான்" என்றார் கில்பட் அண்ணன். "இவராலதான் வந்தனாங்க. தம்பி, எங்கட பக்கம் திறக்குதில்ல. இத்தாலிக்குப் போன பொடியன்மார் காசு போட்டுச் செய்து தந்தவங்க, நாங்க குறை சொல்ல ஏலா. ஆனா இந்த மனிசன் முனையில போனத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டு நிண்டே கிழவனாகிறார்."

பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிரிப்பு வந்தது. மேலே கோயில் திருவிழாவின் ஆளுயரப் படம். அதன் கீழே ஊர்வலம் ஓடும் வீடியோ. அதற்குக் கீழே இத்தாலியில் காசு கொடுத்தவர்களின் முகங்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுழன்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, காரணமே இல்லாமல் பூ வேறு கொட்டிக்கொண்டிருந்தது. கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டிய ஒரே ஒரு விஷயம் ஆக அடியில் கிடந்தது. ஒரு பலகையின் படம்.

அந்தப் பலகை அவர்களுடைய கரையில், படகு இழுத்து வைக்கும் இடத்தில் நிற்கிறது. 'இன்று' என்று பெரிதாகப் பெயின்ட் அடித்திருக்கும். அதன் கீழே ஒரு ஆணி. ஆணியில் இரண்டு தகரத் தகடுகளில் ஒன்று தொங்கும். பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் போகக்கூடாது. போர்க்காலத்தில் கடற்படை கடலைத் திறக்கும் நாளுக்கும் மூடும் நாளுக்குமென்று வெட்டிய தகடுகள் அவை. போர் முடிந்தபின் அதே தகடுகளைக் காற்றுக்கும் மழைக்கும் வைத்துக்கொண்டார்கள். தகட்டில் திகதி இல்லை. கரையில் நின்று பலகையைப் பார்ப்பவனுக்குத் திகதி எதற்கு?

ஆனால் சீசனுக்கு வாடி போடப் போகிறவர்கள் அந்தக் கரையில் இருப்பதில்லை. உச்சமுனைக்கும் அப்பால், மணல் திட்டில் கிடுகுக் குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்குவார்கள். அங்கே போன் பேசினால் பாதியில் அறுந்துவிடும். ஒரு மணல் மேட்டில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் வரும். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். சங்கத்தில் வேலை செய்யும் பிரான்சிஸ்கா அக்கா பகல் ஒரு மணிக்கு வானிலைச் செய்தி கேட்டு, தகட்டை மாட்டி, பலகையைப் போனில் படமெடுத்துப் பக்கத்தில் ஏற்றிவிடுவா. வாடிக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் படகை இறக்குவார்கள்.

"திறக்காட்டி என்ன, வானத்தப் பாத்துப் போகலாம்தானே? உங்களுக்குத் தெரியாத கடலா?" என்று பஸ்தியானைச் சும்மா சீண்டினேன்.

அவர் பிளேன்டீயை ஊதினார். ஒரு மிடறு குடித்தார். நான் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நான் தனிய எண்டா போவன், தம்பி. என்னோட ரெண்டு பேர் வாறாங்க. ஒண்டு என்ட மச்சான் மனுவேல். மற்றது பவுலினாட ஒரே மகன் யோசேப்பு. அவங்களக் கூட்டிக்கொண்டு போறண்டா ஆரும் ஒராள் போகலாம் எண்டு சொல்லோணும். படம் வராட்டி நான் படக இறக்கமாட்டன். போன சீசன் பதினொரு நாள் அப்பிடிக் கரையில கிடந்தம். பொடியன்மார் என்னோட முகம் பாத்துக் கதைக்கல்ல."

"பயந்தாங்கொள்ளி" என்று கில்பட் அண்ணன் சிரித்தார். பஸ்தியானும் சிரித்தார். இப்படி ஒரு மந்தமான மனிதரோடு எப்படித்தான் கடலில் இருக்கிறார்களோ என்று அன்றைக்கு நினைத்தேன். மூன்று நாளில் முடித்துத் தருகிறேன் என்றேன்.

இரண்டே நாளில் முடித்தேன். பூவை நிறுத்தினேன். வீடியோவைத் தூக்கி எறிந்தேன். இத்தாலிக்காரரின் முகங்களை வேறு பக்கத்துக்கு அனுப்பினேன். படங்களைச் சுருக்கினேன். நாற்பத்தொரு செக்கன் எடுத்தது ஒன்பதாக இறங்கியது. ஒன்பது எனக்குப் போதவில்லை. வேறு எவனாவது என்றால் அங்கேயே விட்டிருப்பான்.

கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். படங்களை ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கவேண்டாம், ஒருமுறை வந்த படத்தை முப்பது நாளைக்குப் போனுக்குள்ளேயே வைத்திருந்து அதையே காட்டு என்று சொல்லும் வரி. எல்லாத் தளத்துக்கும் நான் போடுகிற வரிதான். எழுத்து மாறும், படம் மாறாது என்பதுதான் கணக்கு. படம் மாறினால் அதன் பெயரும் மாறும், பெயர் மாறினால் போன் அதைப் புதிய படம் என்று எடுத்துக்கொள்ளும். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலையைக் கொடுக்கச் சங்கத்துக்குப் போன அன்று பிரான்சிஸ்கா அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தா. ஐம்பது வயது, மூக்கில் தொங்கும் கண்ணாடி. தான் படம் ஏற்றும் முறையை ஒவ்வொரு படியாகச் செய்து காட்டினா.

"பழைய படத்த முதல்ல அழிப்பன். பிறகு அதே பேரிலயே புதுசப் போடுவன். பேர மாத்தினாப் பக்கம் உடைஞ்சு போகும் எண்டு முதல் செய்து தந்த தம்பி சொன்னவர். நாலு வருசமா ஒரே பேர்தான். ஒரு நாளும் பிழைக்கல்ல."

"ம்" என்றேன். என் கண் திரையில் ஓடிய எண்ணில் இருந்தது. 3.1 என்று காட்டியது. மூன்றுக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ சொன்னது என் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. அதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் முதல் கிழமை பஸ்தியான் மணல் மேட்டிலிருந்து போன் எடுத்தார். சீசனுக்கு அதுவரை போனது அவருடைய வாடி மட்டும்தான், மற்றவர்கள் டிசம்பரில்தான் போவார்கள். குரல் வெட்டி வெட்டி வந்தது. "தம்பி, மூண்டு செக்கன். நான் எண்ணினனான். கண்ண மூடித் திறக்கப் பச்சை நிக்குது. நீங்க நல்லா இருக்கோணும்." அன்று பின்னேரம் நான் யாரைக் கண்டாலும் இதைச் சொன்னேன்.

பதினாறு நாள் தொடர்ந்து பச்சை. உண்மையிலேயே பச்சை. கடல் அப்படி இருந்தது. பிரான்சிஸ்கா அக்கா தினமும் படமெடுத்தா, ஏற்றினா. பஸ்தியானின் போன் தினமும் முதல் நாள் இறக்கிவைத்த அதே படத்தைக் காட்டியது. பச்சைக்கும் பச்சைக்கும் என்ன வித்தியாசம்? ஒருவரும் கவனிக்கவில்லை. கரையில் இருப்பவர்கள் பலகையையே பார்த்தார்கள். அக்கா படம் ஏற்றும் உள்பக்கத்தைப் பார்த்தா, அங்கே எப்போதும் புதியதுதான் தெரியும்.

பதினேழாம் நாள் செவ்வாய்க்கிழமை. பகல் ஒரு மணிக்குச் செய்தி வந்தது. தெற்கிலிருந்து புயல் மேலே வருகிறது, யாரும் கடலுக்குப் போகவேண்டாம். அக்கா சிவப்பை மாட்டி, ஒன்று பதினெட்டுக்குப் படத்தை ஏற்றினா. பஸ்தியானுக்கு மூன்று தரம் போன் எடுத்தும் பார்த்தா, கிடைக்கவில்லை. பரவாயில்லை, அந்த மனிதர் பக்கத்தைப் பார்க்காமல் படகை இறக்கமாட்டார், பக்கம் திறக்காவிட்டாலும் இறக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், காற்றில் பறக்காமல் இருக்கக் கூரை ஓட்டுக்குக் கல் ஏற்றினா. அந்த நம்பிக்கையில் ஒரு பிழையும் இல்லை.

மூன்று மணிக்குப் பஸ்தியான், மனுவேல், யோசேப்பு மூவரும் படகை இறக்கினார்கள்.

இரவு அடித்த காற்றில் புத்தளத்தில் என் கடைப் பலகையே பறந்து போனது. மாம்புரியில் தென்னைகள் விழுந்தன, கூரைகள் போயின. கடற்படை மூன்று நாள் தேடியது. நான்காம் நாள் மனுவேலின் உடல் மட்டும் வடக்கே ஒரு கரையில் ஒதுங்கியது. படகின் முன்பக்க அணியப் பலகை ஒன்று கிடைத்தது. மற்ற இருவரையும் கடல் திருப்பித் தரவில்லை.

கில்பட் அண்ணன் போனில் சொன்னபோது நான் சாவுச் செய்திக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி"யைச் சொன்னேன். அப்போதுகூட என் மண்டையில் ஒன்றும் தட்டவில்லை. அவர் வேறு ஒரு காரியத்துக்கும் எடுத்திருந்தார். யோசேப்பின் தாய் பவுலினா, பிரான்சிஸ்கா அக்காவின் வாசல் படலையில் நின்று, சிவப்பை நேரத்துக்குப் போட்டாயா இல்லையா என்று தலைவிரி கோலமாகக் கத்தியிருக்கிறா.

"பாவம் தம்பி, அந்த மனிசி மூண்டு நாளாச் சாப்பிடல்ல. எத்தின மணிக்குப் படம் ஏறினது எண்டு கொம்பியூட்டர்ல இருக்கும்தானே? ஒரு பேப்பரில அடிச்சு சீல் குத்தித் தாங்க."

இருந்தது. எந்தப் போன் எத்தனை மணிக்கு எதைக் கேட்டது என்பதெல்லாம் தளத்தின் பதிவேட்டில் வரிவரியாக விழும். ஒன்று பதினெட்டு என்ற வரியை உடனே கண்டுபிடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா கீழே உருட்டிக்கொண்டு போனது.

ஒன்று ஐம்பத்திரண்டு. இரண்டு ஒன்பது. இரண்டு முப்பத்தொன்று. இரண்டு நாற்பத்தெட்டு. நான்கு தரம் ஒரே போன் பக்கத்தைத் திறந்திருந்தது. பழைய மாதிரிப் போன், எங்கள் பதிவேட்டில் அந்த மாதிரி வேறு இல்லை. என் கடையில் வைத்துச் சோதித்துப் பார்த்த பஸ்தியானின் போன் அது. நான்கு தரமும் பக்கத்தைக் கேட்டிருக்கிறது. பலகையின் படத்தை ஒரு தரமும் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? அது அதனிடம் ஏற்கெனவே இருந்தது. வைத்துக்கொள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது நினைவிருக்கிறது. வானம் கறுத்து வருவதைக் கண்டு அந்த மனிதர் மேட்டில் ஏறி ஏறி நான்கு தரம் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தரமும் மூன்று செக்கனில் பச்சையைக் காட்டி நான் அவரைப் போ போ என்று தள்ளியிருக்கிறேன். 

பிறகு அந்த வரியை அழித்தேன். இனி ஏறும் ஒவ்வொரு படத்துக்கும் ஏற்றிய நேரம் தானாகப் பெயராகும்படி செய்தேன். பத்து நிமிட வேலை. அதன் பிறகு பேப்பரை அடித்தேன். 'சிவப்பு அறிவிப்பு பி.ப. 1.18க்கு இணையத்தளத்தில் ஏற்றப்பட்டுள்ளது என்பதை உறுதிப்படுத்துகிறேன்.' கையெழுத்து, சீல். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மீதியை எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்பதற்கு நான் எனக்கே பல காரணம் சொல்லிக்கொண்டேன். வாய் திறந்தால் புத்தளத்தில் எனக்கு யார் வேலை தருவான் என்றேன். கத்தோலிக்க ஊரில் மூன்று பேர் ஒரு சோனகப் பொடியன் செய்த பிழையால் செத்தார்கள் என்று கதை பரவினால் நம் முஸ்லிம் ஆட்கள் அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போக முடியுமா என்றேன். இந்தக் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் அதில் நான் நல்லவனாக இருந்தேன். உண்மை என்னவென்றால் பயந்துபோனேன்.

அந்தப் பேப்பரை அவர்கள் பலகையிலேயே ஒட்டிவிட்டார்கள். பிரான்சிஸ்கா அக்கா தப்பினா. பழி பஸ்தியான் மேல் போனது. சிவப்பு நிற்கத் தெரிந்தே படகை இறக்கிய மனிதன், மீனுக்கு ஆசைப்பட்டு அடுத்தவள் பிள்ளையைக் கொண்டுபோய்க் கொன்றவன். போன சீசன் பதினொரு நாள் கரையில் கிடந்த கடுப்பில் போனானாம் என்று அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் கில்பட் அண்ணன் வேறு வேலைகளுக்கு வந்தபோது போகிற போக்கில் சொன்னவை. நான் தலையாட்டினேன்.

டிசம்பர் மூன்றாம் கிழமை, ஒரு காலையில், கறுப்பு உடுத்த ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தா.

"நான் மெரினா. பஸ்தியான்ட மனிசி" என்றா. கையில் அந்தப் பேப்பரின் பிரதி. "இது நீங்க குடுத்ததா, தம்பி?"

"ஓம்."

"இது எத்தின மணிக்குப் போட்டது எண்டு சொல்லுது. அவர் அதப் பாத்தாரா இல்லையா எண்டு கொம்பியூட்டர் சொல்லுமா?"

கதிரையைக் காட்டினேன். அவ உட்காரவில்லை.

"பவுலினாக்கா என்ட முகத்தில முழிக்கிறேல்ல. வாற வியாழன் முப்பதாம் நாள் பூசை. காலையில அவட மகனுக்குத் தனிய வைக்கிறா. 'பஸ்தியான்ட பேரோட சேத்து என்ட பிள்ளையிட பேர வாசிக்க விடமாட்டன்' எண்டு பங்குச் சுவாமியிட்டச் சொல்லிப்போட்டா. நாங்க பின்னேரம் வைக்கிறம். பரவாயில்ல, அவ ஒரே பிள்ளையக் குடுத்தவ. ஆனா மனுவேல் என்ட கூடப் பிறந்த தம்பி. எனக்குத் தெரியோணும். அவர் பாக்காமப் போனாரா?"

பாவம் இந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வோம் என்று நினைத்தேன். அவர் அசட்டையாகப் போகவில்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று என் மடப் புத்திக்குப் பட்டது.

"பாத்தார், அக்கா. நாலு தரம் பாத்திருக்கார்" என்றேன்.

அவவுடைய முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. "நாலு தரம் சிவப்பப் பாத்துட்டா என்ட தம்பியக் கூட்டிக்கொண்டு போனார்?" என்று மிக மெதுவாகக் கேட்டா. "அப்ப அவங்க சொல்றது சரிதான். நான் ஒராளோடயும் சண்டை பிடிச்சிருக்கக் கூடாது." திரும்பி, செருப்பைப் போட்டுக்கொள்ளக் குனிந்தா.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, நில்லுங்க" என்றேன். "அவர் பாத்தது சிவப்பு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். தொழில் வார்த்தை ஒன்றும் போடாமல், அந்தப் போனுக்குள் பழைய படம் எப்படித் தங்கியது என்று இரண்டு கடதாசியை மேசையில் வைத்து விளங்கப்படுத்தினேன். அவ அழவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அப்பிடி வைக்கச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

அவ பேப்பரை நாலாக மடித்தா. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். "வியாழக்கிழமை காலைப் பூசை எட்டரைக்கு முடியும்" என்றா. "எல்லாரும் பலகையடியிலதான் நிப்பாங்க. வந்து சொல்லுங்க." செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தா.

வியாழன் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். நத்தார்ப் பெருநாளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கரையில் ஒரு வீட்டிலும் நட்சத்திரம் கட்டவில்லை. விழுந்த தென்னைகளை இன்னும் அறுத்து முடிக்கவில்லை. பலகையில் பச்சை தொங்கியது. நான் ஒட்டவைத்த பொய், சீலோடு அதன் பக்கத்தில் காய்ந்துபோயிருந்தது. முனையில் வாடி போட இன்னும் ஒருவரும் போகவில்லை. பூசை முடிந்து முப்பது நாற்பது பேர் வந்தார்கள். நடுவில் பவுலினா. ஒல்லியான, நிமிர்ந்த மனுசி. மெரினா அக்கா தள்ளி ஒரு கவிழ்த்த படகின் பக்கத்தில் நின்றா.

சொன்னேன். சொல்லி முடிக்குமுன்பே முணுமுணுப்புத் தொடங்கிவிட்டது.

"மெரினா போய் அழுதிருப்பாள், இந்தத் தம்பி மனமிளகி வந்திருக்குது" என்றார் ஒருவர்.

கில்பட் அண்ணனுக்கு முகம் சிவந்தது. "பேப்பர் ஒண்டு சொல்லுது, நீங்க ஒண்டு சொல்றீங்க. ரெண்டும் உங்கட கைதானே? நான் என்ட போன்ல கிழமைக் கணக்காப் பாக்கிறன். படம் சரியாத்தானே வருது."

சரியாகத்தான் வந்தது. நான்தான் அன்றே திருத்திவிட்டேனே. பிழையைக் காட்டிய ஒரே போன் பஸ்தியானின் சட்டைப் பையில் கடலுக்குள் கிடந்தது. பதிவேட்டை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், அந்த எண்களை யாருக்குக் காட்டுவது? கடைசியில், "தகட்ட மாத்தி மாட்டினீங்க எண்டா இப்பவே காட்டுவன்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. அந்தக் கரையில் நல்ல நாளில் சிவப்பைத் தொடமாட்டார்கள். போர்க்காலத்தில் சிவப்பு மாட்டிய அன்று கடலில் நின்றவர்கள் எத்தனையோ பேர் வெடிபட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்குக்கூட அதைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதில்லை.

பிரான்சிஸ்கா அக்காதான் முன்னால் வந்தா. "தம்பி, அதே பேரில போட்டது நான்தானே?" என்று கேட்டா.

"நீங்க எனக்குச் சொன்னீங்க, அக்கா. நான்தான் கேக்கல்ல."

அவ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சங்கக் கட்டடத்துக்குள் போய்ச் சிவப்புத் தகட்டை எடுத்து வந்தா. நான் மடிக்கணினியைத் திறந்து, திருத்தியதை எடுத்துவிட்டு, பழைய வரியை மறுபடி போட்டேன். எல்லோரையும் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். போன்களில் பச்சை வந்தது. அக்கா பச்சையைக் கழற்றினா, சிவப்பை மாட்டினா, படமெடுத்தா, பழையதை அழித்து அதே பெயரில் ஏற்றினா.

"இப்பத் திறந்து பாருங்க" என்றேன்.

மூன்று செக்கன். எல்லாப் போனிலும் பச்சை.

மூடித் திறந்தார்கள். பச்சை. கில்பட் அண்ணன் போனை அணைத்தே போட்டார், பச்சை. கண்முன்னால் பலகையில் சிவப்புத் தகடு ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் போனைப் பலகைக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மெரினா அக்கா நடந்து வந்து பிரான்சிஸ்கா அக்காவின் போனை வாங்கினா. "இதத்தானா அவர் பாத்தவர்?"

"ஓம், அக்கா. இதத்தான்."

அவ அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றா. நான் கீழே குந்தி, அந்த வரியை மறுபடி அழித்து, திருத்தியதைத் திரும்பப் போட்டேன். எழும்பியபோது பவுலினா எனக்கு நேரே நின்றா.

"இந்தப் பேப்பர எழுதேக்க இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிழை ஆருக்கும் வரும். என்ட பிள்ளையக் கொண்டு போனது கடல்" என்றா. சத்தம் போடவில்லை. "ஆனா ஒரு மாசம் நான் இவளிட வாசலப் பாத்துத் துப்பினன். இவள்ட தம்பியிட பெட்டிக்கு ஒரு பிடி மண் போடப் போகல்ல. என்ட மகனோட கடைசியா நிண்டவன் எல்லாம் இவள்ட ஆக்கள். இருந்து அழ எனக்கு வேற ஆர் இருந்தது? அதையும் நீ எடுத்துப்போட்டாய்."



அவ மெரினா அக்காவிடம் போகவில்லை. கட்டிப் பிடிக்கவில்லை. பலகையில் இருந்த பேப்பரைக் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டு, அங்கேயே மணலில் உட்கார்ந்தா. கொஞ்சம் பொறுத்து மெரினா அக்காவும் நாலடி தள்ளி உட்கார்ந்தா. இருவரும் கடலைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை.

வெயில் ஏறியது. பிரான்சிஸ்கா அக்கா ஆணியடியில் நின்றபடி, "தகடக் கழட்டட்டா? ஆக்கள் போகோணுமே" என்று கில்பட் அண்ணனைக் கேட்டா. அவர் பெண்கள் இருவரையும் பார்த்தார்.

"இண்டைக்கு இருக்கட்டும்" என்றா பவுலினா.

அன்று காற்றே இல்லை. கடல் குளமாகக் கிடந்தது. பகல் ஒரு மணிக்குப் போகலாம் என்றுதான் செய்தி வந்தது. மூன்று மணி தாண்டியும் அந்தக் கரையில் ஒரு படகும் இறங்கவில்லை.